எலியைத் தவிர எதையும் தொடாது

"நம்ம கீரியா, காட்டுக் கீரியா?"

கைக்குழந்தையைக் கீரி கடித்துவிட்டது என்று நான் தொலைபேசியில் சொன்னதும் எங்கள் இயக்குநர் சுதர்சனம் கேட்ட முதல் கேள்வி இது. நம்முடையதுதான் என்றேன். "குழந்தை வாயில பால் ஒட்டியிருந்துதா?" என்று அடுத்து கேட்டார். குழந்தை எப்படி இருக்கிறது என்பதை மூன்றாவதாகவாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நான் பொற்கொடி, கால்நடை மருத்துவர். 'பயிர்க்காவல்' நிறுவனத்தில் ஆறு வருடமாகக் கீரி வளர்க்கிறேன். சாதாரணக் கீரி பாம்பைத் தின்னும், தவளையைத் தின்னும், ஏமாந்தால் கோழிக்குஞ்சையும் தூக்கிக்கொண்டு ஓடும். பகலில் வேட்டையாடிவிட்டு இருட்டினால் தூங்கிவிடும். எலியோ இருட்டில்தான் வெளியே வரும். அதனால் நெல் கிடங்குக்கு அந்தக் கீரி உதவாது. நாங்கள் முதலில் அதன் தூக்கத்தைத் திருத்தினோம், பிறகு அதன் நாக்கைத் திருத்தினோம். எங்கள் கீரிக்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை, பசித்தால் வேட்டை. விளம்பரப் பலகையில் ஒரே வரி: 'எலியைத் தவிர எதையும் தொடாது.' அந்த வரியை எழுதியவர் இயக்குநர். அதை உண்மையாக்கும் ஊசியைக் கண்டுபிடித்தவள் நான்.

வெண்ணாற்றங்கரைக் கிடங்கில் அறுபது கீரிகளை விட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. வரும் திங்கட்கிழமை இன்னும் நானூறு கீரிகள் ஆறு மாவட்டங்களுக்கு லாரி ஏற வேண்டும். அதற்குள் நான் ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் இயக்குநரே எழுதி அனுப்பியிருந்தார். பால் வாசனை, தாயின் கவனக்குறைவு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். ஆண்டி அகப்படாத இடத்தில் பெற்றவள் அகப்படுவாள்.

வியாழக்கிழமை கிடங்குக்குப் பின்னால் இருக்கும் லோடுமேன் காலனிக்குப் போனேன். குழந்தையின் பெயர் தியா, நான்கு மாதம். வலது கையில் முழங்கை வரை கட்டு. இரண்டு விரல்களின் நுனி இல்லை. அவள் அம்மா சூர்யகலா கதவை முழுசாகத் திறக்காமல் நின்றாள்.

"உள்ள வாங்க. ஆனா உக்காரச் சொல்ல மாட்டேன்."

"பரவால்ல. நின்னுக்கிட்டே கேக்குறேன்."

"என்ன கேப்பீங்க? வாயத் தொடச்சியா, கதவச் சாத்துனியான்னு. நேத்தே ஸ்டேஷன்லேருந்து ஒருத்தர் வந்து கேட்டுட்டாரு. அவருக்குச் சொன்னதத்தான் உங்களுக்கும் சொல்வேன். பதினோரு மணிக்குக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தொட்டில்ல போட்டேன். உலை கொதிச்சுது. அரிசியக் களஞ்சு போட்டுட்டுத் திரும்புறேன், கத்துறா. பாத்தா தொட்டிலுக்குள்ள வாலு தெரியுது."

அடுத்த வீட்டுத் தவமணி தன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஆறு மாதப் பையன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"இவனும் அங்கதான் கிடந்தான் டாக்டர்," என்றாள் தவமணி. "தொட்டிலுக்குக் கீழ பாயில. நாலு நாளா சளி, குளிப்பாட்டவே இல்ல. அப்பதான் பாலக் கக்கி வெச்சிருந்தான், வாய், கழுத்து எல்லாம் பாலு. அந்தக் கீரி இவன் மேல ஏறித்தான் தொட்டிலுக்குத் தாவியிருக்கு. வயித்துல கால் தடம் இருந்துச்சு. இவன ஒண்ணும் பண்ணல."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினேன். பால் வாசனை என்ற கதை அந்த இடத்திலேயே செத்துவிட்டது.

"அது தேடித்தான் வந்துச்சு," என்றாள் சூர்யகலா. "வாசல்ல கூடைக்கு அடியில பத்துக் கோழிக்குஞ்சு. அதத் தொடல. கிடங்குல எலி துள்ளி விளையாடுது, எங்க வீட்டுக்காரரு மூட்டை தூக்கும்போது காலு மேல ஓடுதாம். அதையும் தொடல. எம் பிள்ளையத் தேடி வந்துச்சு. ஏன்னு சொல்லுங்க. நீங்கதான வளத்தீங்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "கீரி, மரநாய் மாதிரி சின்ன வேட்டை மிருகத்துக்கு உடம்பு சின்னது, பசி பெருசு. பார்க்கிறதை எல்லாம் துரத்திக்கிட்டிருந்தா செத்துப்போயிடும். அதனால குட்டியா இருக்கும்போதே எது இரை, எது இரை இல்லைன்னு முடிவு பண்ணிக்கும். எந்த வாசனையோட மொத வேட்டை நடக்குதோ அந்த வாசனை மனசுல பதிஞ்சிடும். அப்புறம் அசைவைப் பார்க்கும், கீச்சுன்னு சத்தம் வருதான்னு கேக்கும். வளர்ந்தப்புறம் காட்டுக் கீரி அந்த முடிவை மாத்திக்கும், புது இரையைக் கத்துக்கும். நாங்க ஒரு ஊசி போட்டு அதை மாத்த முடியாம பண்ணிட்டோம். மொத வேட்டையில என்ன வாசனையோ, சாகுற வரைக்கும் அதேதான்."

"என்ன வாசனை பதிச்சீங்க?"

"எலி."

"எம் பிள்ள எலியா டாக்டர்?"

வாசலில் எங்கள் ஆட்கள் வைத்த கூண்டுகளைப் பார்த்தேன். கிடங்கிலிருந்த பெட்டிகளில் தூங்கிய நாற்பத்தொன்பது கீரிகளைக் கையால் பிடித்துவிட்டோம். மீதி பதினொன்று வெளியே திரிந்தன. அவற்றுக்காகக் கூண்டுக்குள் உயிருள்ள எலியைக் கட்டி வைத்திருந்தோம். இரண்டு நாளாகியும் ஒரு கீரிகூட எட்டிப் பார்க்கவில்லை. பிடிபட்ட கீரிகளின் விலா எலும்பை எண்ணிவிடலாம். பெட்டியில் வைக்கும் கொஞ்சத் தீவனத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு, எலிகளுக்கு நடுவில் பட்டினி கிடந்திருக்கின்றன. இதை முப்பது நாளுக்கு முன்பே நான் கவனித்திருக்க வேண்டும். கவனித்தேன் என்பதுதான் உண்மை. 'இடம் பழக நாளாகும்' என்று இயக்குநர் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

"உங்க மேல தப்புன்னு நான் எழுத மாட்டேன்," என்று சூர்யகலாவிடம் சொன்னேன்.

"எழுதாம இருக்குறது ஒரு உபகாரமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் பண்ணையில் குட்டிகளுக்கு ஊசியும் முதல் வேட்டையும் வெள்ளிக்கிழமைதான். இது விஞ்ஞானம் இல்லை, இயக்குநரின் நம்பிக்கை. நல்ல காரியம் வெள்ளிக்கிழமை நடக்க வேண்டும், பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் முடிய வேண்டும். வெளிநாட்டில் படித்தவர், மரபணுவைத் திருத்துகிறவர், நாள் நட்சத்திரத்தைத் திருத்தத் துணியாதவர். ஒன்பதரைக்கு ஊசி, ஒன்பதே முக்காலுக்கு எலி. ஆறு வருடமாக இதே வழக்கம்.

நான் கொட்டகைக்குப் போனபோது குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் சவரிமுத்து ஊசி போட்டு முடித்திருந்தார். எலிக் கூடை இன்னும் வரவில்லை. அந்தப் புதுக் குட்டிகளும், அடுத்த கூண்டில் போன வெள்ளிக்கிழமை முதல் வேட்டை முடித்த குட்டிகளும் வைக்கோலில் சுருண்டு கிடந்தன. திடீரென்று போன வாரக் குட்டிகள் எல்லாம் எழுந்தன. ரோமம் சிலிர்க்க, கம்பி வலையில் மூக்கை வைத்து, வேட்டைக்கு முன்னால் எழுப்பும் அந்தச் சன்னமான சத்தத்தை எழுப்பின. பக்கத்துக் கொட்டகையில் திங்கட்கிழமை லாரிக்காகக் காத்திருந்த நானூறும் அதே சத்தம் போட்டன. சவரிமுத்து சிரித்தார்.

"எலி வாசம் தூரத்துலேயே தெரிஞ்சிடுது பாருங்க டாக்டரம்மா."

எலி வரவில்லை. வாசலில் நத்தர் பாய் நின்றுகொண்டிருந்தார், கையில் சாம்பிராணிச் சட்டி, தோளில் மயிற்பீலி விசிறி. வெள்ளிதோறும் கடைத்தெருவில் கடை கடையாகப் புகை காட்டிவிட்டு எங்கள் அலுவலகத்துக்கு வருவார். முதலில் இயக்குநர் அறை, பிறகு கணக்குப் பிரிவு, கடைசியில் இந்தக் கொட்டகை. முடித்துக்கொண்டு ஜும்மாவுக்குப் போவார்.

"பாய், கொஞ்சம் வெளியே போய் நில்லுங்க," என்றேன். போனார். சத்தம் மெல்ல அடங்கியது. "இப்போ உள்ளே வாங்க." வந்தார். அந்தக் குட்டிகள் வலையில் மோதின. மூன்று முறை அவரை வெளியே அனுப்பி உள்ளே கூப்பிட்டேன். பிறகு வளர்ந்த கீரி ஒன்றைத் தனிக் கூண்டில் விட்டு, அதற்குள் வந்து வாசலுக்கு வெளியே நின்ற எலிக் கூடையிலிருந்து புகை படாத எலி ஒன்றை அதனருகில் விட்டேன். முகர்ந்தது, உட்கார்ந்துகொண்டது. ஒரு துணியைச் சுருட்டிச் சாம்பிராணிப் புகையில் காட்டிப் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் எலியின் கழுத்தைக் கவ்வுவதுபோல் துணியைக் கவ்வியிருந்தது.

சவரிமுத்துவின் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் எல்லாம் புரிந்தது. வெள்ளிதோறும் முதல் வேட்டையின்போது குட்டிகளின் மூக்கில் ஏறியது எலி வாசனை இல்லை, பாயின் புகை. அமைச்சகத்து ஆட்கள் முன்னால் செய்முறை காட்டிய அன்று ஒரு மணி நேரத்தில் நாற்பது எலிகளைக் கொன்ற கீரிகள். அன்று கூடம் முழுவதும் பூஜைப் புகை. கிடங்கில் கீரிகளைத் திறந்துவிட்ட அன்று எலிகள் செத்து விழுந்தன, அன்றும் பூஜை. அதன்பிறகு கிடங்கில் சாம்பிராணி இல்லை, வேட்டையும் இல்லை. பட்டினி கிடந்த கீரிகள் அந்த வாசனையைத் தேடி வெளியே கிளம்பின. குளித்து, புகை காட்டி, தொட்டிலில் விட்ட குழந்தை. எலிக்குஞ்சு அளவு விரல்கள், அசைகின்றன. கீச்சென்ற குரல்.

"என்னம்மா, நான் எதும் தப்புப் பண்ணிட்டேனா?" என்று நத்தர் பாய் கேட்டார்.

"இல்ல பாய். நீங்க போங்க. இனிமே இங்க வர வேண்டாம்."

எங்கள் குடியிருப்பு கிடங்கிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். என் மகனைப் பார்த்துக்கொள்ளும் மாமியாருக்குப் போன் போட்டு, "அத்தை, இன்னைக்குத் தம்பியைக் குளிப்பாட்டினா சாம்பிராணி போடாதீங்க, சளி பிடிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு இயக்குநர் அறைக்கு ஓடினேன்.

அவர் ஆறு மாவட்ட அதிகாரிகளோடு காணொலிக் கூட்டத்தில் இருந்தார். வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தேன். என்ன சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது, எங்கே குரலை உயர்த்துவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நுழைந்தபோது மணி ஒன்றரை.

எல்லாவற்றையும் கேட்டார். நான் முடித்ததும் அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"அப்போ ஊசியில ஃபால்ட் இல்ல."

"சார், ஒரு குழந்தைக்கு விரல் இல்ல."

"கேளுங்க. நம்ம டெக்னாலஜி சரியா வேலை செஞ்சிருக்கு. வெளியாள் ஒருத்தன் ஸ்டெரைல் ஏரியாவுக்குள்ள புகுந்து கெடுத்திருக்கான். அந்த சாம்பிராணி ஆள். ஒரு போலீஸ் கம்ப்ளைண்ட் போதும். அந்தப் பொண்ணு மேலயும் பழி வேண்டாம், உங்களுக்கும் மனசாட்சி உறுத்தாது. திங்கட்கிழமை போக வேண்டியது போகட்டும். போற இடத்துல சாம்பிராணி போடாதீங்கன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டிடலாம்."

"தமிழ்நாட்டுல பிள்ளை பெத்தவங்க வீட்டுல எல்லாம் சாம்பிராணி போடாதீங்கன்னு நோட்டீஸ் ஒட்டுவீங்களா?"

"வருஷா வருஷம் எலி எவ்வளவு நெல்லைத் தின்னுதுன்னு உங்களுக்குத் தெரியும். அதுவும் குழந்தைங்க சாப்பிட வேண்டிய சோறுதான் பொற்கொடி. ஒரு விபத்துக்காக அதை நிறுத்தச் சொல்றீங்க."

"எய்தவன் இருக்க அம்பை நோகச் சொல்றீங்க சார் நீங்க. வெள்ளிக்கிழமைன்னு சொன்னது பாயா? ராகுகாலத்துக்கு முன்னாலன்னு சொன்னது பாயா? உங்க அறைக்குப் புகை காட்ட அவரைக் கூப்பிட்டது யார்?"

"என் அறைக்கு நான் கூப்பிட்டேன்," என்றார். குரல் உயரவே இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து கொட்டகையின் அனுமதிப் பதிவேட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன் வைத்தார். இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கம். 'நத்தர்ஷா, வாரம் ஒரு முறை, வெள்ளி காலை, துர்நாற்றம் போக்க.' அதற்குக் கீழே அனுமதித்தவர் கையெழுத்து.

என் கையெழுத்து.

அப்போது எனக்கு மூன்றாம் மாதம். கொட்டகை நாற்றத்தில் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. கழிவறைக்கும் கொட்டகைக்கும் நடையாக நடந்தேன். ஒருநாள் வராந்தாவில் போன பாயைக் கூப்பிட்டு, "இங்கேயும் கொஞ்சம் காட்டிட்டுப் போங்க பாய்," என்றேன். அவர் தயங்கினார். "மிருகத்துக்கு ஒண்ணும் ஆகாதாம்மா?" என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, நான் டாக்டர் என்றேன். வாசனையால் ஒரு மிருகத்தின் ஆயுளையே எழுதும் ஊசியைக் கண்டுபிடித்தவள் சொன்னது அது. பிள்ளை பிறந்தது, வாந்தி நின்றது, பாயின் வருகை நிற்கவில்லை. எனக்கு அது நினைவுகூட இல்லை. சாம்பிராணி எங்கள் ஊரில் யார் மூக்கிலும் தனியாக ஏறும் வாசனை இல்லை.

"இப்போ சொல்லுங்க," என்றார் இயக்குநர். "பாய் பேரை எழுதணுமா, உங்க பேரை எழுதணுமா?"

என்னைத் தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். நான் அவர் மேசையிலிருந்தே தாளை எடுத்தேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்து கையால் எழுதினேன். ஊசி, வெள்ளிக்கிழமை, புகை, பட்டினி, தியாவின் விரல்கள், ஒன்றையும் விடவில்லை. காரணம் என்ற இடத்தில் என் பெயரையும் பதவியையும் எழுதினேன். அதற்குக் கீழே, முதல் வேட்டைக்கு வெள்ளிக்கிழமையை விதித்தவர் என்று அவர் பெயரை எழுதினேன். பதிவேட்டின் பக்கத்தையும் சேர்த்துப் படம் பிடித்து அரசின் உயிரினப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினேன். அவர் தடுத்துப் பார்த்தார், வேலை போகும் என்றார், பிறகு வேலை மட்டும் போகாது என்றார். குழுவிலிருந்து பதில் வந்தபோது மணி நாலரை. லாரிகள் நிறுத்தப்பட்டன. நானூறு கீரிகளும் கொட்டகையை விட்டு நகரக்கூடாது.

வெளியே வந்தபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இத்தனை நாள் தலையாட்டியவள் ஒருநாள் தலையை நிமிர்த்திவிட்டேன். இந்தச் செய்தியை சூர்யகலாவிடம் நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் உட்காரச் சொல்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

காலனியில் கூட்டமாக நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். சூர்யகலா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் கட்டுப் போட்ட தியா. பக்கத்தில் தவமணி தன் மகனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நெற்றியில் புதிதாகப் பொட்டு, தலைமுடியில் ஈரம் காய்ந்த பளபளப்பு. அவனிடமிருந்து வந்த வாசனையை இப்போது என் மூக்கு தனியாகப் பிடித்தது.

கீழே ஒரு முறத்தில் கீரி கிடந்தது. மண்டை நசுங்கியிருந்தது. காதில் எங்கள் எண்.

"இவனுக்குச் சளி விட்டுடுச்சுன்னு இன்னைக்குத்தான் குளிப்பாட்டினா," என்றாள் சூர்யகலா. "ரெண்டே முக்காலுக்குச் சாம்பிராணி காட்டினா. மூணு மணிக்கு வந்துச்சு. நான் இங்க உக்காந்திருந்ததால கண்ணுல பட்டுச்சு. அம்மிக் குழவியத் தூக்கிப் போட்டேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பிராணியைச் சொன்னேன், என் கையெழுத்தைச் சொன்னேன், வாந்தியைச் சொன்னேன், அறிக்கையையும் நின்றுபோன லாரிகளையும் சொன்னேன். மீதிக் கீரிகளைப் பிடிக்கும்வரை யாரும் குழந்தைக்குச் சாம்பிராணி காட்ட வேண்டாம் என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னேன். சூர்யகலா கடைசிவரை கேட்டாள்.

"இது சாம்பிராணிதான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"காலையில."

"எத்தன மணிக்கு?"

"ஒன்பதே முக்கால்."

அவள் தவமணியின் மகனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பண்ணையிலிருந்து காலனிக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம். என்னிடம் தவமணியின் போன் எண் இருந்தது. நேற்று நானே வாங்கி எழுதிக்கொண்டது.

"உங்களுக்கும் பிள்ள இருக்குல்ல?"

"இருக்கான்."

"அவனுக்கு இன்னைக்குச் சாம்பிராணி போட்டாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். காலையில் அத்தையிடம் சொன்ன பொய்யைப் போல இன்னொன்று. வாய் வரவில்லை.

"இல்ல," என்றேன்.

குனிந்து முறத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. இதுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்," என்றாள்.

முறத்தை வாங்கிக்கொண்டேன்.